மைசூரில் மாண்டூக்கியம்

மைசூர் என்னும் பெயரைக் கேட்டவுடன் அரண்மனையும், தசராத் திருவிழாவும், சாமுண்டி மலையும், சந்தனமும் பட்டுமே நம்மில் பெரும்பாலோர்க்கு நினைவில் எழுகின்றன. உத்தியோகத்தின் பொருட்டும் வாணிகத்தின் பொருட்டும் கன்னட நாட்டில் குடியேறி, தலைமுறைகளாக அங்கேயே வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல. ஆயினும் இந்தியச் சிந்தனை வரலாற்றில் அந்நகரம் பெற்றுள்ள இடத்தை நாம் போதிய அளவு அறிந்திருக்கிறோம் என்று சொல்வதற்கில்லை. 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், 12 மந்திரங்களே கொண்ட ஒரு சிறிய உபநிடதம் அங்கே அரண்மனையிலும், அறிஞர் கூட்டங்களிலும், துறவியர் ஆசிரமத்திலும் ஊன்றிப் பயிலப்பட்டது. பயின்றவர்கள் அதனைப் போற்றுதற்குரிய ஏடாகக் கொண்டதோடு நின்றுவிடவில்லை. மனிதன் தன் உள்ளத்தைத் தானே ஆராய்வதற்கு உதவும் வழிகாட்டியாகவும் கொண்டனர். மறை கூறுவதனால் ஒன்று மெய்யாகிறதா, ஆராய்ந்து தெளிவதனால் மெய்யாகிறதா என்னும் பழைய வினா அங்கே புதிய கூர்மை பெற்றது. அந்த வரலாற்றை நினைவு கூர்வதே இவ்வுரையின் நோக்கமாகும்.

அந்த உபநிடதத்தின் பெயர் மாண்டூக்கியம். அதர்வண வேதத்தைச் சார்ந்தது. முதன்மையான உபநிடதங்களுள் அளவில் மிகச் சிறியது. ஓம் என்னும் ஒலியை அ, உ, ம என்று மூன்றாகப் பகுத்து, அவற்றை நனவு, கனவு, உறக்கம் என்னும் மூன்று நிலைகளோடு அது பொருத்திக் காட்டுகிறது. நனவில் புறவுலகை நுகர்வோனை வைசுவாநரன் என்றும், கனவில் அகவுலகை நுகர்வோனைத் தைசசன் என்றும், கனவற்ற உறக்கத்தில் வேற்றுமையின்றி ஒன்றாய்த் திரண்டு நிற்போனைப் பிராக்ஞன் என்றும் பெயரிடுகிறது. இம்மூன்றுக்கும் ஆதாரமாய், இம்மூன்றனுள் ஒன்றிலும் அடங்காததாய் உள்ளது நான்காவது. அதனையே துரியம் என்பர். மூன்று ஒலிகளும் அடங்கிய பின் எஞ்சும் மௌனம் அதற்கு ஒப்பாகச் சொல்லப்படுகிறது.

இந்நூலில் தெய்வக் கதை ஒன்றும் இல்லை. வேள்வி விதிகளும் இல்லை. விழித்தல், கனாக் காணுதல், உறங்குதல் ஆகிய மூன்றும் மன்னனுக்கும் உண்டு, கூலியாளுக்கும் உண்டு. எனவே இந்நூல் எடுத்துக்கொண்ட சான்று எல்லா மனிதரிடமும் நாள்தோறும் கிடைப்பதாகும். மைசூர் அறிஞர்களைக் கவர்ந்த சிறப்பு இதுவே.

சங்கரரின் ஆசிரியர்க்கு ஆசிரியர் என்று மரபு போற்றும் கௌடபாதர் இதற்குக் காரிகை இயற்றினார். அது நான்கு பகுதிகளாக, முறையே 29, 38, 48, 100 என 215 செய்யுட்களைக் கொண்டது. முதற்பகுதி மறைமொழியைப் பின்பற்றிச் செல்வது. ஏனைய மூன்று பகுதிகளும் அம்முடிபைத் தருக்கத்தாலும் நிறுவ முயல்கின்றன. இரண்டாம் பகுதி கனவையும் நனவையும் எதிரெதிரே நிறுத்தி, கனவுப் பொருள் விழித்தவுடன் மறைவதால் பொய்யென்றால் நனவுப் பொருளின் நிலை என்ன என்று வினவுகிறது. இருளில் கிடக்கும் கயிறு பாம்பாகத் தோன்றுவது போல, ஒன்றேயான ஆன்மா பலவாகக் கற்பிக்கப்படுகிறது என்பது அதன் விடை. இறுதிப் பகுதியில், சுழற்றப்படும் கொள்ளிக்கட்டை நெருப்பு வட்டமாகத் தோன்றும் உவமை வருகிறது. கட்டை நின்றால் வட்டம் இல்லை. அவ்வட்டம் எங்கிருந்தும் வரவுமில்லை, எங்கும் போகவுமில்லை.

மொழிபெயர்ப்புப் பணியில் உள்ள நாம் இவ்விடத்தில் ஒரு சொல்லை எண்ணிப் பார்க்க வேண்டியவர்களாகிறோம். கௌடபாதர் கையாளும் ‘கல்பனா’ என்னும் வடசொல்லே தமிழில் ‘கற்பனை’ என வழங்குகிறது. வேதாந்தத்தில் கற்பனை என்பது மயக்கத்தின் பெயர். கயிற்றின்மேல் பாம்பை ஏற்றுவது கற்பனை. இலக்கியத்திலோ அது புலவனின் பெருமை. கற்பனை வளம் இல்லாத கவிதையை நாம் கவிதையென மதிப்பதில்லை. ஒரே சொல் ஓரிடத்தில் குற்றமாகவும் மற்றோரிடத்தில் குணமாகவும் நிற்கிறது. உள்ளம் படைத்துக் காட்டுவதைக் கடந்து செல்ல வேண்டுமா, அதற்குச் செவி சாய்க்க வேண்டுமா? மைசூரில் மாண்டூக்கியம் பயிலப்பட்ட வரலாறு முழுவதும் இந்த வினாவைச் சுற்றியே அமைந்தது எனலாம்.

தமிழர்க்கு இத்துறை புதியதன்று. திருக்குறளின் 122-ஆம் அதிகாரம் ‘கனவுநிலை உரைத்தல்’ என்பதாகும். 13-ஆம் நூற்றாண்டினரான மெய்கண்டாரின் சிவஞான போதத்தில், 12 நூற்பாக்களுள் நான்காவது உயிரின் ஐந்து அவத்தைகளைக் குறிப்பிடுகிறது. சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி, துரியம், துரியாதீதம் என்னும் அவ்வைந்தையும் நெற்றி, கண்டம், இதயம், நாபி, மூலாதாரம் என்னும் இடங்களோடு சேர்த்துச் சித்தாந்திகள் விளக்கினர். ஆயினும் உலகம் வெறுந்தோற்றம் என்னும் கொள்கையை அவர்கள் ஏற்கவில்லை. நிலைகளை ஆராய்வதில் உடன்பட்டும், ஆராய்ந்து கண்ட முடிபில் வேறுபட்டும் நின்றனர். ஆகவே மாண்டூக்கியத்தைப் படிப்போர் யாவரும் ஒரே முடிபுக்கு வந்தாக வேண்டும் என்பதில்லை என்பதற்கு நம் மரபே சான்றாகும்.

இனி மைசூரைக் காண்போம். சங்கரர் நிறுவியதாகப் போற்றப்படும் சிருங்கேரி மடமும், இராமாநுசர் தங்கியிருந்த மேலுக்கோட்டையும் பழைய மைசூர் சமஸ்தானத்தின் எல்லைக்குள் அமைந்தவை. எனவே வேதாந்த விவாதம் அந்நாட்டில் வேரூன்றிய ஒன்று. 1891-ல் அரசு அங்கே கீழ்த்திசை நூலகத்தை நிறுவியது. தஞ்சைப் பகுதியைச் சேர்ந்த பண்டிதர் ஒருவர் அளித்த சுவடியிலிருந்தே அந்நூலகத்தின் ஆர். சாமசாஸ்திரி கௌடலியரின் அர்த்தசாஸ்திரத்தை 1909-ல் பதிப்பித்தார் என்பது தமிழர்க்கு மகிழ்வூட்டும் செய்தி. 1916-ல் மைசூர்ப் பல்கலைக்கழகம் தோன்றியது. திருத்தணியில் பிறந்து சென்னையில் பயின்ற சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் 1918 முதல் 1921 வரை அங்கே தத்துவப் பேராசிரியராக இருந்தார்.

அப்பல்கலைக்கழகத்தின் பதிவாளராகப் பணியாற்றியவர் வி. சுப்பிரமணிய ஐயர். அலுவலகக் கோப்புகளிடையே நாளைக் கழித்த இவர், உள்ளத்தில் தத்துவ ஆராய்ச்சியையே வாழ்வின் பணியாகக் கொண்டவர். மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார்க்கு வேதாந்த நூல்களை விளக்கி வந்தவரும் இவரே. 1902-ல் முழு ஆட்சியுரிமை பெற்று 1940-ல் மறையும் வரை ஆண்ட அம்மன்னர், தத்துவத்தில் ஆழ்ந்த பற்றுடையவர் என்று அந்நாளிலேயே புகழ் பெற்றிருந்தார்.

சுப்பிரமணிய ஐயரின் வாதம் எளியது. ஆனால் அக்காலத்துக்குத் துணிவு மிக்கது. அறிவியலும் மேலைநாட்டுத் தத்துவமும் நனவில் கிடைக்கும் அனுபவத்தை மட்டுமே எடுத்துக்கொள்கின்றன. மனித அனுபவம் முழுமையாக ஆராயப்பட வேண்டுமானால் கனவும் உறக்கமும் கணக்கில் சேர வேண்டும் என்றார் அவர். சமயம் நம்பிக்கையைச் சார்ந்தது. யோகியர் காட்சி அவரவர்க்கு உரியது. இரண்டும் ஆளுக்கு ஆள் வேறுபடுவன. ஆதலின், எவராலும் எக்காலத்தும் மறுக்க இயலாதது எதுவோ அதுவே உண்மை என்று கொண்டார். மறைநூலைப் புறக்கணிக்கும் நோக்கம் அவருக்கு இல்லை. மறை சுட்டிய இடத்தைப் படிப்பவன் தன் அறிவினால் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதே அவர் கொள்கை.

இதே காலத்தில் பெங்களூரிலும் இவ்வாராய்ச்சி வளர்ந்தது. கே. ஏ. கிருஷ்ணசாமி ஐயர் மூன்று நிலைகளை அடிப்படையாக வைத்து வேதாந்தத்தை ‘மெய்ம்மையின் அறிவியல்’ என்று விளக்கி எழுதிய ஆங்கில நூல் 1930-ல் வெளிவந்தது. அவரோடு நெருங்கிப் பயின்ற ஒய். சுப்பாராவ் 1920-ல் அத்யாத்ம பிரகாச காரியாலயத்தை நிறுவி, சங்கரரின் கருத்துகளைக் கன்னட மக்களுக்குக் கன்னடத்திலேயே எடுத்துரைத்தார். பின்னாளில் அவர் சச்சிதானந்தேந்திர சரஸ்வதி என்னும் துறவியானார். பிற்கால உரையாசிரியர்கள் சங்கரர் கருத்தினின்று விலகிவிட்டனர் என்று அவர் எழுதியது பண்டிதரிடையே கடும் விவாதத்தை எழுப்பியது. உரைமரபையும் சோதனைக்கு உட்படுத்தலாம் என்னும் துணிவு அங்கே பிறந்திருந்தது.

மைசூர் இராமகிருஷ்ண ஆசிரமம் 1925-ல் தொடங்கப்பட்டது. அதன் துறவியரும் சுப்பிரமணிய ஐயரிடம் வேதாந்தம் பயின்றனர். 1936-ல் அந்த ஆசிரமம், சுவாமி நிகிலானந்தர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த மாண்டூக்கிய உபநிடதத்தைக் கௌடபாதர் காரிகையோடும் சங்கரர் உரையோடும் சேர்த்து வெளியிட்டது. முன்னுரை சுப்பிரமணிய ஐயருடையது. நிகிலானந்தர் அதற்கு முன்பே, 1933-ல், நியூயார்க்கில் ஒரு வேதாந்த மையத்தை நிறுவியிருந்தார். பின்னர் 1942-ல் அவர் ஸ்ரீ இராமகிருஷ்ணரின் அருள்மொழி நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டபோது, அப்பணியில் உதவியவர்களுள் ஜோசப் காம்பெல் என்னும் அமெரிக்க அறிஞரும் ஒருவர். உலகத்துப் புராணங்களை மனித உள்ளத்தின் வரைபடமாக விளக்கி 1949-ல் அவர் எழுதிய நூலில், ஓங்காரமும் மூன்று நிலைகளும் இடம் பெற்றுள்ளன.

1937-ல் பாரிஸ் நகரில் அனைத்துலகத் தத்துவ மாநாடு நடைபெற்றது. டேகார்ட் என்னும் பிரெஞ்சுத் தத்துவ அறிஞரின் புகழ்பெற்ற நூல் வெளிவந்து 300 ஆண்டுகள் நிறைந்ததை ஒட்டி அம்மாநாடு கூடியது. சுப்பிரமணிய ஐயர் அதில் பங்குகொண்டார். இதில் ஒரு பொருத்தம் உண்டு. கனவையும் நனவையும் வேறுபிரித்துக் காட்டும் உறுதியான அடையாளம் யாது என்று ஐரோப்பாவில் வினவியவர் டேகார்ட்டே. அவர் அவ்வினாவைத் தம் ஆராய்ச்சியின் வாயிலாக வைத்து, பின்னர் நனவுலகின் உறுதிக்கு மீண்டுவிட்டார். கௌடபாதரோ அவ்வினாவை விடாது பின்தொடர்ந்து, உறக்கத்தையும் விசாரணைக்குள் கொண்டுவந்தார். மேலும் அவ்வாண்டிலேயே மைசூர் ஆசிரமத்தின் சுவாமி சித்தேசுவரானந்தர் வேதாந்தம் போதிக்கப் பிரான்சு நாட்டிற்குச் சென்றார்.

அடுத்த சந்திப்பு இன்னும் குறிப்பிடத்தக்கது. சுவிட்சர்லாந்தின் உளவியல் அறிஞர் கார்ல் யுங், கல்கத்தாவில் நடைபெற்ற இந்திய அறிவியல் மாநாட்டு வெள்ளிவிழாவை ஒட்டி 1937-ன் இறுதியிலும் 1938-ன் தொடக்கத்திலும் இந்தியாவில் பயணம் செய்தார். அப்போது அவர் திருவண்ணாமலைக்குச் சென்று இரமண மகரிஷியைக் காணவில்லை. ஆனால் மைசூர் மன்னரின் குருவான சுப்பிரமணிய ஐயரோடு ஆழ்ந்து உரையாடியதைத் தம் நினைவுக் குறிப்புகளில் பதிவு செய்திருக்கிறார். இருவருக்கும் இடையே கடிதப் போக்குவரத்தும் இருந்தது.

இருவரும் ஒரே பொருளை இரண்டு கரைகளிலிருந்து நோக்கியவர்கள். ‘நான்’ என்னும் அகந்தை இல்லாத உணர்வு ஒன்று இருக்கக்கூடும் என்பதை யுங்கால் ஏற்க இயலவில்லை. உணர்வதற்கு ஒருவன் வேண்டும். அவன் இல்லையேல் அங்கே இருப்பது நனவிலி மட்டுமே என்பது அவர் கருத்து. வேதாந்தியின் விடை உறக்கத்தைச் சுட்டுவது. ஆழ்ந்த உறக்கத்தில் ‘நான்’ என்னும் எண்ணம் இல்லை; ஆயினும் விழித்தவன், சுகமாக உறங்கினேன், ஒன்றும் அறியவில்லை என்கிறான். ஒன்றும் அறியாமையை அறிந்தது எது? இதற்கு யுங் தந்த விடையும் வேதாந்தி தந்த விடையும் கடைசிவரை ஒன்றுபடவில்லை. நேர்மையான இரு அறிஞர்கள் தத்தம் நிலையில் நின்று உரையாடினர் என்பதே அச்சந்திப்பின் மதிப்பு.

கனவைப் பற்றிய வேறுபாடும் அத்தகையதே. கௌடபாதர் கனவை எடுத்துக்கொண்டது, அதன் பொய்ம்மையைக் கொண்டு நனவின் பொய்ம்மையை உணர்த்துவதற்காக. யுங்கோ கனவை ஒரு தூதாகக் கொண்டார். கல்கத்தாவில் நோயுற்று மருத்துவமனையில் இருந்து மீண்ட பின், தாம் கண்ட ஒரு கனவை அவர் விவரிக்கிறார். அது இந்தியாவைப் பற்றியதன்று; ஐரோப்பியப் பழங்கதைகளில் வரும் புனிதக் கிண்ணத்தைத் தேடும் கனவு அது. இந்திய நாட்டின் நடுவே தம் உள்ளம் தம்மைத் தம் சொந்த மரபுக்கே திருப்பி அழைத்தது என்று அவர் அதனை உணர்ந்தார். வேற்றுமொழி வழங்கும் ஊரில் பகல் முழுதும் பணிபுரிந்து, இரவில் காவிரிக் கரையையோ வைகைக் கரையையோ கனவில் காணும் நம்மவர்க்கு இச்செய்தியை விளக்க வேண்டுவதில்லை.

இவ்விரு கொள்கைகளுக்கும் இடையே ஒரு பாலத்தை மைசூரின் மற்றோர் அறிஞரிடம் காண்கிறோம். அவர் பேராசிரியர் எம். ஹிரியண்ணா (1871-1950). சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்று, மைசூரில் வடமொழிப் பேராசிரியராக விளங்கியவர். 1932-ல் வெளிவந்த அவருடைய இந்தியத் தத்துவச் சுருக்க நூல் இன்றளவும் மாணவர் கையில் உள்ளது. கலை அனுபவத்தைப் பற்றிய அவர் கட்டுரைகள் அவர் மறைவுக்குப் பின் 1954-ல் நூலாயின. ஒரு நாடகத்திலோ கவிதையிலோ திளைப்பவன் தன் இலாப நட்டங்களை மறக்கிறான். அந்நேரம் அவனிடம் தன்னலம் ஓய்கிறது. விடுதலை நிலையின் சாயல் அது. ஆனால் கலைப்பொருள் விலகியவுடன் அந்நிலையும் விலகிவிடும். அதை நிலைபெறச் செய்வது ஒழுக்கமும் ஞானமுமே என்று அவர் காட்டினார். இவ்விளக்கத்தால் கற்பனை மயக்கமாக மட்டும் நிற்காமல், மெய்ம்மையை முன்கூட்டிச் சிறிது சுவைக்கச் செய்யும் வாயிலாகவும் ஆகிறது. நல்லொழுக்கத்தில் முதிராத ஞானம் முழுமையடையாது என்பதையும் அவர் இடைவிடாது வற்புறுத்தினார்.

இங்கே நாம் மறைக்கக் கூடாத ஒன்றுண்டு. மூன்று நிலைகளும் எல்லார்க்கும் பொது. ஆனால் அவற்றைக் கூறும் நூல் எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை. வடமொழிக் கல்வி ஒரு சிலர் கையிலேயே இருந்தது. அரசுப் பணிகளிலும் கல்வியிலும் பிராமணரல்லாதாருக்கு உரிய இடம் பற்றி ஆராய, மைசூர் அரசு 1918-ல் லெஸ்லி மில்லர் தலைமையில் குழு அமைத்தது என்பதே அந்நாளின் நிலையைக் காட்டும். எல்லாரிடமும் உள்ள அனுபவமே சான்று என்று சொல்லும் நூல், எல்லார் கையிலும் சேராவிடில் அதன் வாதமே குறைபட்டுப் போகிறது.

இக்குறையை உணர்ந்து கவிதையால் விடை தந்தவர் குவெம்பு எனப்படும் கே. வி. புட்டப்பா. 1904-ல் பிறந்து, மலைநாட்டு வேளாண் குடியிலிருந்து மைசூருக்குப் படிக்க வந்தவர் அவர். முதலில் ஆங்கிலத்திலேயே கவிதை எழுதினார். 1924-ல் மைசூருக்கு வந்த ஐரிஷ் கவிஞர் ஜேம்ஸ் கசின்ஸ், தாய்மொழியில் எழுதுமாறு அவருக்கு அறிவுரை கூறினார். அந்த அறிவுரை கன்னடத்தின் பேறாயிற்று. இளமையில் சுவாமி சித்தேசுவரானந்தரின் அரவணைப்பில் இராமகிருஷ்ண ஆசிரமத்தில் தங்கி வளர்ந்த குவெம்பு, மறைநூல்களை உள்நோக்கிப் படிக்கும் பயிற்சியை அங்கே பெற்றார். ஆனால் அப்பயிற்சி அவரை உலகத்தினின்று விலக்கவில்லை. 1944-ல் வெளிவந்த ‘சூத்ர தபஸ்வி’ நாடகத்தில், சம்பூகன் கதையை எடுத்துக்கொண்டு, தவத்துக்குப் பிறப்பு தடையாகுமா என்று வினவினார். நாடகம் விவாதத்தைக் கிளப்பியது.

1949-ல் வெளிவந்த அவருடைய ‘ஸ்ரீ ராமாயண தர்சனம்’ இதன் நிறைவு எனலாம். தர்சனம் என்னும் பெயரே கதையினும் காட்சியே முதன்மை என்பதைத் தெரிவிக்கிறது. அதில் இராவணனின் வீழ்ச்சியினும் அவன் உள்ளத்தில் நிகழும் மாற்றமே பெரிதாகிறது. சீதை தீப்புகும்போது இராமனும் உடன் புகுகிறான். வான்மீகியின் கதையைக் கவிஞர் தம் கற்பனையால் மாற்றினார். ஆனால் அந்த மாற்றம் படிப்போரைத் தம் உள்ளத்தின் உண்மைக்கு அருகே கொண்டு செல்கிறது. அதற்கு 1955-ல் சாகித்திய அகாதெமி விருதும், பின்னர் 1967-ஆம் ஆண்டுக்குரிய ஞானபீட விருதும் கிடைத்தன. கம்பனை அறிந்த தமிழர்க்கு இம்முறை அயலானதாகத் தோன்றாது. கயிற்றைப் பாம்பாகக் காட்டும் கற்பனையும் உண்டு. பாம்பென்று அஞ்சியதைக் கயிறென்று காட்டும் கற்பனையும் உண்டு என்று குவெம்புவின் காவியம் நமக்கு உணர்த்துகிறது.

வானொலியோடு தொடர்புடைய ஒரு செய்தியையும் இங்கே சொல்லுதல் பொருந்தும். 1924-ல் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை தொடங்கியது. அதனை உருவாக்கியவர் இலண்டனில் பயின்ற பேராசிரியர் எம். வி. கோபாலசாமி. மனத்தை ஆய்வுக்கூடத்தில் அளந்து ஆராய முற்பட்ட அவரே, 1935-ல் தம் இல்லத்தில் ஒரு வானொலி நிலையத்தையும் நிறுவினார். அதற்கு அமைந்த பெயர் ‘ஆகாசவாணி’. புராணங்களில் உருவமின்றி வானினின்று ஒலிக்கும் குரலுக்கு உரிய அச்சொல், மைசூரில் ஒரு கருவியின் பெயராகி, விடுதலைக்குப் பின் நாடு முழுதும் வானொலிக்கே பெயராயிற்று. 1960-ல் அமைந்த பல்கலைக்கழக வளாகத்திற்குக் குவெம்பு இட்ட பெயர் ‘மானசகங்கோத்ரி’. மனம் என்னும் கங்கை ஊற்றெடுக்கும் இடம் என்பது அதன் பொருள்.

மாண்டூக்கியம் இன்று தமிழிலும் உரையோடு கிடைக்கிறது. அதன் முடிபை ஏற்போரும் உண்டு. சித்தாந்திகளைப் போல மறுப்போரும் உண்டு. ஆனால் மைசூர் அறிஞர்கள் காட்டிய படிக்கும் முறை இரு சாரார்க்கும் பயன்படும். நூல் சொல்வதைக் கேட்டு, நம் அனுபவத்தில் அது எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை என்று நாமே ஆராய்வதே அம்முறை. அதற்குத் தனித்த பிறப்போ, வடமொழிப் புலமையோ, குடிபெயர்ந்து வந்த ஊரில் நூலகமோ முதற்கண் வேண்டுவதில்லை. விழித்த பொழுதில் செய்ததையும், கனவில் கண்டதையும், உறங்கி எழுந்தபின் எஞ்சிய அமைதியையும் நேர்மையோடு நினைத்துப் பார்க்கும் சிறிது ஓய்வு வேண்டும். அதன்பின் நூலைத் திறந்தால், அதன் 12 மந்திரங்களும் நம்மோடு உரையாடத் தொடங்கும்.